சாலை மிதிவண்டியா, டிரையத்லான் மிதிவண்டியா: பந்தயத் தேர்வின் அடிப்படைகள்

டிரையத்லான் என்பது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் கடிகாரத்தை நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டியாகும். அதன் மொத்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி மிதிவண்டியின் மேல்தான் கழிகிறது. ஒலிம்பிக் தொலைவில் 1.5 கிலோமீட்டர் நீச்சலுக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் நடுவே 40 கிலோமீட்டரும், அயர்ன்மேன் என்று அறியப்படும் முழுத் தொலைவில் 3.8 கிலோமீட்டர் நீச்சலுக்கும் 42.2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் நடுவே 180 கிலோமீட்டரும் மிதிக்க வேண்டியிருப்பதால், எந்த மிதிவண்டியில் போட்டியிடுவது என்ற கேள்வி இப்போட்டிக்கு வரும் ஒவ்வொருவர் முன்னும் எழுகிறது. சாலைப் பந்தயங்களுக்கென உருவான மிதிவண்டி ஒருபுறமும், டிரையத்லானுக்கென்றே வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி மறுபுறமும் நிற்க, இரண்டில் எது வேகமானது என்று கேட்பதே வழக்கமாக இருந்துவருகிறது. அந்தக் கேள்விக்கு விடை எளிது. ஆனால் போட்டியின் விதி எதை அனுமதிக்கிறது, ஓட்டுபவரின் உடல் எந்த நிலையில் எவ்வளவு நேரம் தாங்கும், பாதை எப்படிப்பட்டது என்னும் மூன்றையும் ஆராயாமல் அந்த விடையை மட்டும் நம்பி முடிவெடுப்பவர், பெரும்பணம் செலவழித்தும் வேகம் பெறாமல் போக நேர்கிறது.

சாலை மிதிவண்டியின் அடையாளம் அதன் வளைந்து கீழிறங்கும் கைப்பிடி. ஓட்டுபவர் அதன் மேற்பகுதியையோ, பிரேக்கும் கியரும் சேர்ந்திருக்கும் முன்முனையையோ, கீழ் வளைவையோ வேண்டியபோது பிடித்துக்கொள்ளலாம் என்பதால் ஏற்றம், இறக்கம், திருப்பம், நெரிசல் ஆகிய அனைத்துக்கும் ஒரே வண்டி ஈடுகொடுக்கிறது. முன்முனையையோ கீழ் வளைவையோ பிடித்திருக்கையில் பிரேக் விரலுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. இருக்கையைத் தாங்கும் குழாய் தரையோடு ஏறத்தாழ 72 முதல் 74 பாகைக் கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், உடலின் எடை இரு சக்கரங்களுக்கும் இடையே சீராகப் பகிரப்பட்டு வண்டி நிதானமாகவும் சொன்னபடி கேட்பதாகவும் அமைகிறது.

டிரையத்லான் மிதிவண்டியில் கைப்பிடி இருப்பது பெயரளவுக்குத்தான்; ஓட்டுபவர் தம் முழங்கைகளை இரு சிறு மெத்தைகளில் ஊன்றி, முன்னோக்கி நீளும் இரண்டு தண்டுகளைப் பற்றிக்கொண்டு, முதுகைத் தட்டையாக்கிக் கிடக்கிறார். இந்த அமைப்புக்கு ஏரோபார் என்று பெயர். கியர் மாற்றும் பொத்தான் அத்தண்டுகளின் நுனியில் இருக்கிறது, பிரேக்கோ இருபுறமும் விலகி நிற்கும் அடிக்கைப்பிடியில் இருக்கிறது. எனவே பிரேக் பிடிக்க வேண்டுமானால் படுத்த நிலையிலிருந்து எழுந்து கைகளை மாற்றியாக வேண்டும். இருக்கைக் குழாய் 76 முதல் 80 பாகை வரை நிமிர்ந்து நிற்பதால் இருக்கை முன்னே தள்ளப்படுகிறது. பெடல் அச்சிலிருந்து இருக்கை வரை 72 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஒருவருக்கு, 73 பாகையிலிருந்து 78 பாகைக்கு மாறுவது இருக்கையை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் முன்னே கொண்டுவருவதற்குச் சமம். சிறியதாகத் தோன்றும் இந்த 6 சென்டிமீட்டரில்தான் இரு வண்டிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இந்த வேறுபாடு பிறந்த வரலாறு நீண்டதன்று. 1974-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நவீன டிரையத்லான் முதன்முதலாக நடந்தபோதும், 1978-இல் ஹவாயின் ஒவாகு தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேன் போட்டியின்போதும் பங்கேற்றோர் தங்களிடம் இருந்த வழக்கமான மிதிவண்டிகளிலேயே ஓட்டினர். 1980-களின் நடுப்பகுதியில், அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் நெடும்பந்தயத்தில் ஈடுபட்டோர் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளும் கைப்பிடிகளை முயன்று பார்த்தனர். பனிச்சறுக்குப் பயிற்றுநராக இருந்த பூன் லெனன், மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்கு வீரர்கள் கைகளை முன்னே குவித்து உடலைச் சுருக்கும் நிலையை மிதிவண்டிக்குக் கொண்டுவந்து உருவாக்கிய ஏரோபார் 1987-இல் ஸ்காட் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. டிரையத்லான் வீரர்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டனர். சாலைப் பந்தய உலகம் தயங்கியது. 1989 ஜூலையில் பிரான்சு சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாளன்று, வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டத்தை 50 வினாடி பின்தங்கிய நிலையில் தொடங்கிய கிரெக் லெமாண்ட், ஏரோபாரைப் பயன்படுத்தி மணிக்குச் சராசரி 54.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அது இல்லாமல் ஓட்டிய லோரான் ஃபின்யோனை அந்த ஒரே ஓட்டத்தில் 58 வினாடி முந்தி, மூன்று வாரப் பந்தயத்தை 8 வினாடி வேறுபாட்டில் வென்றதும் அந்தத் தயக்கம் தகர்ந்தது.

ஆயினும் பழைய சட்டகத்தின் மேல் ஏரோபாரை மாட்டியவர்கள் ஒரு சிக்கலைச் சந்தித்தனர். முன்னே குனியக் குனியத் தொடை மார்பை நெருங்கி, இடுப்பின் மடிப்புக் கோணம் குறுகி, மூச்சும் மிதிப்பும் தடைப்பட்டன. இருக்கையை முன்னே நகர்த்தினால் கோணம் விரிந்தது. ஆனால் எடை முழுவதும் முன்சக்கரத்தின் மேல் விழுந்து வண்டி தள்ளாடியது. சட்டகத்தையே மாற்றினாலன்றித் தீர்வில்லை என்று உணர்ந்த டேன் எம்ஃபீல்டு, தாம் நிறுவிய குயின்டானா ரூ நிறுவனத்தின் பெயரில் 1989-இல் நிமிர்ந்த இருக்கைக் குழாயும் சிறிய சக்கரங்களும் கொண்ட மிதிவண்டியை வெளியிட்டார். டிரையத்லானுக்கென்றே பிறந்த மிதிவண்டி என்று சொல்லத்தக்க முதல் வண்டியாக அதுவே கருதப்படுகிறது. ஓட்டுபவரைப் பெடல் அச்சை மையமாகக் கொண்டு அப்படியே முன்னோக்கிச் சுழற்றுவதே அதன் அடிப்படை எண்ணம். கோணம் குறுகாமல் முதுகு தாழ்கிறது, சட்டகத்தின் முன்பகுதியும் அதற்கேற்ப அமைந்து தள்ளாட்டம் தவிர்க்கப்படுகிறது.

இத்தனை முயற்சியும் எதற்காக என்பதைக் காற்றின் இயல்பு விளக்கும். சமதரையில் செல்லும் மிதிவண்டியைத் தடுப்பவை பெரும்பாலும் இரண்டே: டயர் உருளும்போது எழும் உராய்வும் காற்றின் எதிர்விசையும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்விசை நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஓட்டுபவர் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றைக் கிழிப்பதற்கே போய்விடுகிறது. அந்தக் காற்றுத்தடையிலும் பெரும்பங்கு மிதிவண்டியால் அன்றி அதன் மேல் அமர்ந்திருக்கும் மனித உடலால் உண்டாகிறது. உடலும் வண்டியும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் முகப்பின் பரப்பையும் அதன் வடிவம் தரும் தடையின் அளவையும் பெருக்கிக் கிடைக்கும் எண்ணை இழுவைப் பரப்பு எனலாம். ஓட்டுநர்கள் அதை ஆங்கில எழுத்துகளின் பெயரால் சிடிஏ என்று அழைக்கின்றனர். இந்த எண் சிறுத்தால், அதே உழைப்பில் வேகம் கூடும்.

வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ, இடைவிடாது செலுத்தும் திறன் 200 வாட், காற்று வீசாத சமதரை என்று கொண்டு ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். சாலை மிதிவண்டியின் கீழ் வளைவைப் பிடித்து ஓட்டுபவரின் இழுவைப் பரப்பை 0.32 சதுர மீட்டர் என்று கொண்டால், அவரது வேகம் மணிக்கு 34.6 கிலோமீட்டராக இருக்கும். 180 கிலோமீட்டரைக் கடக்க 5 மணி 12 நிமிடம் ஆகும். நன்கு பொருத்தப்பட்ட டிரையத்லான் மிதிவண்டியில் அது 0.24 ஆகக் குறைந்தால் வேகம் 37.8 கிலோமீட்டராகி, அதே தொலைவு 4 மணி 46 நிமிடத்தில் முடியும். ஒரு துளி உழைப்பும் கூடாமல் 26 நிமிடம் மிச்சமாகிறது. 40 கிலோமீட்டர் தொலைவில் மிச்சம் ஏறத்தாழ 6 நிமிடம். பயிற்சியால் இவ்வளவு நேரத்தைக் குறைக்க ஒருவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால், டிரையத்லான் மிதிவண்டியை விரும்புவோரின் ஆவல் நியாயமானதே.

ஆனால் கணக்கில் மூன்றாவது வரி ஒன்று உண்டு. விவாதங்களில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. சாலை மிதிவண்டியின் கைப்பிடியிலேயே தனியாக வாங்கிப் பூட்டும் ஏரோபாரைப் பொருத்தி, இருக்கையைச் சற்று முன்னும் மேலும் நகர்த்தினால் இழுவைப் பரப்பு 0.27 அளவுக்கு இறங்குவது அரிதன்று. அப்போது வேகம் மணிக்கு 36.5 கிலோமீட்டர், 180 கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் 4 மணி 56 நிமிடம். மொத்த ஆதாயமான 26 நிமிடத்தில் 16 நிமிடத்தைச் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இந்த ஒட்டுப்பொருளே தந்துவிடுகிறது. மீதமுள்ள 10 நிமிடத்துக்காகத்தான் சில லட்சங்கள் கேட்கப்படுகின்றன. இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. வேகத்தைத் தருவது முதலில் உடலின் கிடப்பு. சட்டகத்தின் வடிவம் அதற்கு அடுத்ததே.

அந்தப் 10 நிமிடத்தைப் புறக்கணிக்கலாகாது என்று வாதிடுவோர் மிதிவண்டிக்குப் பின் வரும் ஓட்டத்தைச் சுட்டுவர். இருக்கை முன்னே வந்தால் இடுப்பு விரிந்து, ஓட்டத்துக்கு வேண்டிய தொடையின் பின்தசைகள் களைப்படையாமல் காக்கப்படுகின்றன என்பது டிரையத்லான் வட்டாரத்தில் நெடுங்காலமாக நிலவும் கருத்தாகும். கார்சைடு, டோரன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, 73 பாகையில் ஓட்டியபின் ஓடுவதைவிட 81 பாகையில் ஓட்டியபின் 10 கிலோமீட்டர் ஓட்டம் விரைவாக முடிந்ததைக் காட்டி இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. எனினும் அது மிகச் சிலரை வைத்து நடத்தப்பட்ட சோதனை. பிற்காலத்தில் நடந்த எல்லா ஆய்வுகளும் அத்தனை தெளிவான பலனைக் காட்டிவிடவில்லை. முதுகைத் தாழ்த்தியும் இடுப்பை நெரிக்காமல் இருக்கலாம் என்பதே நிமிர்ந்த குழாயின் உறுதியான பயன். ஓட்டத்தில் கிடைக்கும் நன்மையை உறுதிமொழியாக அன்றி, கிடைத்தால் கொள்ளத்தக்க கூடுதலாகக் கருதுவதே முறை.

இனி விதிக்கு வருவோம். தேர்வில் முதல் இடம் அதற்கே உரியது. முன்னால் செல்பவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதை டிராஃப்டிங் என்பர். ஒருவர் பின் ஒருவராகச் செல்லும்போதே பின்னவரின் காற்றுத்தடை கால்பங்குக்கும் மேல் குறைகிறது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் தலைமையிலான குழு 121 ஓட்டுநர்கள் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவுப்படி, கூட்டத்தின் உள்நடுவே செல்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை தனியே செல்பவருடையதில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. ஏரோபார் தரக்கூடிய எந்த ஆதாயமும் இதன் அருகே வர முடியாது.

இந்த மறைவை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதில்தான் டிரையத்லான் இரண்டாகப் பிரிந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பு தன் உயர்நிலைப் போட்டிகளில் 1995 முதல் டிராஃப்டிங்கை அனுமதித்தது. 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்த டிரையத்லானும் அந்த வகையைச் சேர்ந்ததே. கூட்டமாக நெருங்கி ஓட்டும்போது நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுகள் முன்னால் செல்பவரைக் குத்தக்கூடும், பிரேக்கோ கைக்கெட்டாத இடத்தில் இருக்கும் என்பதால் அங்கு வளைகைப்பிடி கொண்ட சாலை மிதிவண்டி கட்டாயம். முன்பு பொறுத்துக்கொள்ளப்பட்ட குட்டை ஏரோபாரும் இப்போது இடம்பெறுவதில்லை. வயதுப் பிரிவினருக்கான உலக ஸ்பிரிண்ட் போட்டியும், அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட குறுந்தொலைவுப் போட்டியும், 2016 முதல் இவ்வகைக்கு வந்துவிட்டது. இத்தகைய போட்டிகளை இலக்காகக் கொண்டவருக்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை. டிரையத்லான் மிதிவண்டியோடு வருபவர் தொடக்கக் கோட்டையே அடைய மாட்டார்.

அயர்ன்மேன் வகைப் போட்டிகளிலும், அதன் பாதியான 1.9, 90, 21.1 கிலோமீட்டர் போட்டிகளிலும் நிலை நேர்மாறானது. அங்கு முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையே 12 மீட்டர் இடைவெளி கட்டாயம். முந்திச் செல்பவர் குறித்த வினாடிகளுக்குள் கடந்தாக வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் நின்று நேரத்தை இழக்க வேண்டும். 12 மீட்டரிலும் சிறிது மறைவு மிஞ்சுகிறது என்பதால் தொழில்முறைப் போட்டிகள் சிலவற்றில் 20 மீட்டர் வைக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தனித்துக் காற்றோடு மோதும் இக்களத்துக்காகத்தான் டிரையத்லான் மிதிவண்டி படைக்கப்பட்டது. சாலைப் பந்தயங்களை ஆளும் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1996-இல் வகுத்த லுகானோ சாசனத்தின் வழியே, மிதிவண்டி மிதிவண்டி போலவே தோன்ற வேண்டும் என்று சட்டகத்தின் வடிவத்தைக் கட்டுப்படுத்தியது; குறைந்த எடை 6.8 கிலோ என்றும் வரையறுத்தது. அக்கட்டுகள் டிரையத்லானைப் பிணைக்காததால், 2016-இல் வந்த செர்வேலோ பி5எக்ஸ் போல, இருக்கைக் குழாயே இல்லாத சட்டகங்கள் இங்குத் தோன்ற முடிந்தது. சாலைப் பந்தயத்தின் தனிநபர் ஓட்டத்துக்குரிய வண்டி பார்வைக்கு டிரையத்லான் வண்டியை ஒத்திருந்தாலும் அது வேறோர் இனம். ஒன்றியத்தின் அளவுகளுக்குள் அடங்கியது.

ஒரே வீரர் இரு களங்களையும் எவ்வாறு கையாள்கிறார் என்பதற்கு நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட் சான்று. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் சாலை மிதிவண்டியில் கூட்டத்தோடு ஓட்டித் தங்கம் வென்ற அவர், அதே ஆண்டு நவம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் ஏரோபாரின் மேல் படுத்து ஓட்டித் தம் முதல் அயர்ன்மேனை 7 மணி 21 நிமிடத்தில் முடித்தார். வண்டியை மாற்றியது அவரது விருப்பம் அன்று, விதி.

விதி இரண்டையும் அனுமதிக்கும் போட்டிகளில் அடுத்துப் பேசுவது பாதை. ஹவாயின் கோனாவில், எரிமலைக் குழம்பு உறைந்த கரிய வெளியின் ஊடே ஹாவி என்னும் சிற்றூர் வரை சென்று திரும்பும் நெடுஞ்சாலையில் கூர்மையான திருப்பங்கள் அரிது. மணிக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்து ஓட்டலாம். பிரான்சின் நீஸ் நகரிலோ 180 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 2,400 மீட்டர் ஏற வேண்டும், வளைந்து வளைந்து இறங்கவும் வேண்டும். பிரெஞ்சு வீரர் சாம் லெய்ட்லோ 2022-இல் கோனாவில் மிதிவண்டிப் பகுதியை 4 மணி 4 நிமிடத்தில் முடித்தவர்; 2023-இல் உலகப் பட்டத்தை வென்ற நீஸ் போட்டியில் அதே தொலைவுக்கு 4 மணி 31 நிமிடம் எடுத்துக்கொண்டார். அதே நீஸில் 2019-இல் நடந்த அரைத் தொலைவு உலகப் போட்டியில் நார்வேயின் குஸ்தாவ் ஈடன் சாலை மிதிவண்டியில் வந்து, இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற அலிஸ்டர் பிரவுன்லீயை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டம் வென்றார். ஈடனின் ஓட்டத்திறனையும் சேர்த்தே அவ்வெற்றியை மதிப்பிட வேண்டும். ஆயினும் மலைப்பாதையில் சாலை மிதிவண்டி பின்தங்கிய கருவி அன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மலை என்றதும் எடையைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். அந்தக் கவலை அளவுக்கு மிஞ்சியது. மேலே கண்ட 80 கிலோ, 200 வாட் ஓட்டுநர் நூற்றுக்கு ஐந்து சரிவுள்ள ஏற்றத்தில் மணிக்கு 16 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செல்வார். அங்குக் காற்றுத்தடைக்குப் போவது அவர் உழைப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. 10 கிலோமீட்டர் ஏற்றத்தில் ஒரு கிலோ கூடுதல் எடையால் அவர் இழப்பது அரை நிமிடத்துக்கும் குறைவே. டிரையத்லான் மிதிவண்டி பொதுவாகக் கனமானதுதான் என்றாலும், ஏற்றத்துக்குப் பின் வரும் சமதரை அந்த இழப்பை எளிதில் ஈடுகட்டிவிடும். மலைப்பாதையில் சாலை மிதிவண்டியின் உண்மையான வலிமை இறக்கத்தில் இருக்கிறது: பிரேக் எப்போதும் விரலடியில், எடை சக்கரங்களுக்கு நடுவில், திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும் துணிவு உடலில். அஞ்சி அஞ்சி இறங்கும் ஒருவர், சமதரையில் காற்றை ஏமாற்றிச் சேர்த்த நிமிடங்களை ஒரே இறக்கத்தில் தொலைத்துவிடுவார்.

காற்றும் பாதையின் பகுதியே. ஹாவிப் பக்கம் மலையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றை ஹவாய் மக்கள் முமுகு என்கின்றனர். பக்கவாட்டில் தாக்கும் அக்காற்றை எண்ணியே, ஆரங்களுக்குப் பதிலாக முழுத்தகடாக மூடப்பட்ட டிஸ்க் சக்கரம் கோனாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. டிரையத்லான் மிதிவண்டியின் அகன்ற குழாய்களும் ஆழமான சக்கரங்களும் பக்கக் காற்றைப் பாய்மரம் போல் வாங்கிக்கொள்ளும். உடல் எடை குறைந்தவர்களையே அது அதிகம் அலைக்கழிக்கும். அத்தகையவர் குறைந்தபட்சம் முன்சக்கரத்தையாவது ஆழம் குறைந்ததாகத் தேர்ந்துகொள்வது நல்லது. நனைந்த சாலை இன்னொரு சோதனை: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் போட்டியில், நகரின் நடுவே ஏழு சுற்றுகளாக அமைந்த பாதையில் மழைநீர் தேங்கியிருந்ததால், உலகின் தலைசிறந்தவர்களே சாலை மிதிவண்டியிலிருந்து வழுக்கி விழுந்தனர்.

விதிக்கும் பாதைக்கும் பிறகு உடல். உண்மையில் பெரும்பாலோரின் தேர்வு இங்கேதான் பிழைபடுகிறது. 0.24 என்ற எண் கடையில் வண்டியோடு சேர்த்து விற்கப்படுவதில்லை. கழுத்தை உயர்த்திச் சாலையைப் பார்த்தபடி, முதுகைத் தாழ்த்தி, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் உடலுக்கே அது உரியது. கழுத்து நோவும், கீழ் முதுகு இறுகும், இருக்கையின் நுனி அழுத்தி இடுப்பின் கீழ்ப்பகுதி மரத்துப்போகும். இந்தக் கடைசித் தொல்லைக்காகவே முன்பகுதி பிளந்த இருக்கைகள் உருவாக்கப்பட்டன. இவற்றைத் தாங்க முடியாமல் 60 கிலோமீட்டரிலேயே எழுந்து அமர்ந்து அடிக்கைப்பிடியைப் பிடித்துக்கொள்பவர், அத்தனை விலை கொடுத்த வண்டியில் சாலை மிதிவண்டியைவிட மோசமான நிலையில் மீதித் தொலைவை ஓட்டுகிறார். ஏனெனில் அந்தக் கைப்பிடி நீண்ட நேரம் பிடிப்பதற்கு அமைக்கப்பட்டதன்று. சற்று உயர்ந்திருந்தாலும் கடைசிவரை தாங்கக்கூடிய நிலை, மிகத் தாழ்ந்து பாதியில் கைவிடப்படும் நிலையைவிட வேகமானது. இதைப் பயிற்சியாளர்கள் சொல்லிச் சொல்லி அலுத்தும், விளம்பரப் படங்களில் காணும் தட்டையான முதுகுக்கு ஆசைப்படுவோர் குறையவில்லை.

உயரம் குறைந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டிய இடமும் இதுவே. முதல் டிரையத்லான் வண்டிகளில் இருந்த சிறிய சக்கரங்கள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டதால், பெரிய சக்கரத்தின் மேல் அமையும் முன்பகுதி அவர்களுக்குப் போதிய அளவு தாழாமல் நின்றுவிடக்கூடும். சட்டகத்தின் அளவைக் குறிக்கும் பெயரை நம்பாமல், பெடல் அச்சிலிருந்து கைப்பிடிக் குழாயின் உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது, எவ்வளவு முன்னே இருக்கிறது என்னும் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். ஸ்டாக், ரீச் என்ற பெயர்களில் நிறுவனங்கள் அவற்றை வெளியிடுகின்றன. உடலின் அளவெடுத்து நிலையைப் பொருத்தித் தரும் வல்லுநரிடம் வாங்குவதற்கு முன்பே செல்வதுதான் பயன் தரும். வாங்கிய பின் செல்வது பல வேளைகளில் செய்த செலவுக்குக் காரணம் தேடுவதாக முடிகிறது.

நடைமுறை வேறுபாடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து மணி நேரம் மிதிப்பவர் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தும் போதிய நீரும் எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், முன்கைகளுக்கு நடுவே நீர்ப்புட்டியும் சட்டகத்துக்குள்ளேயே உணவுப் பெட்டியும் அமைந்த டிரையத்லான் வண்டி நெடுந்தொலைவில் பெருந்துணை. மறுபுறம், கம்பிகள் அனைத்தும் கைப்பிடிக்குள் ஒளிந்திருப்பதால் அதைக் கழற்றி விமானத்துக்குப் பெட்டியில் அடைப்பதும், பழுதானால் தெருமுனைக் கடையில் சரிசெய்வதும் எளிதன்று. குழுவாகப் பயிற்சி செய்வோர் நடுவே ஏரோபாரில் படுத்து ஓட்டுவது ஆபத்தானது என்பதால், அந்த வண்டி மட்டுமே வைத்திருப்பவர் பெரும்பாலும் தனியாகவே பயிற்சி செய்ய நேரும். நாய்களும் மாடுகளும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களும் நிறைந்த இந்தியச் சாலைகளில், பிரேக்கிலிருந்து கை விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கவலைக்குரியது. இந்தியாவில் 2019 முதல் கோவாவில் நடைபெறும் அரைத் தொலைவு அயர்ன்மேன் போன்ற போட்டிகளுக்குத் தயாராகும் சென்னைக்காரர் ஆண்டில் ஒருநாள் மூடிய சாலையில் போட்டியிடுகிறார். மற்ற நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் போக்குவரத்தில்தான் ஓட்டுகிறார். வண்டி அந்த மற்ற நாள்களுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, முதல் மிதிவண்டியாகச் சாலை மிதிவண்டியை வாங்குவதே சரியான முடிவு என்பதில் ஐயமில்லை. அது எல்லா வகைப் போட்டிக்கும் செல்லும், குழுவிலும் மலையிலும் ஓடும், ஏரோபாரைப் பூட்டினால் நெடுந்தொலைவு ஆதாயத்தின் பெரும்பகுதியையும் தரும். டிரையத்லான் மிதிவண்டி இரண்டாவதாக வர வேண்டிய வண்டி; அதுவும் டிராஃப்டிங் தடைசெய்யப்பட்ட நெடுந்தொலைவுப் போட்டிகளே தம் களம் என்று முடிவுசெய்து, சமதரைப் பாதைகளில் சில நிமிடங்களுக்காகப் போராடும் நிலையை எட்டியவருக்கு மட்டுமே. அதை வாங்க எண்ணுபவர், பூட்டிய ஏரோபாரின் மேல் தம் போட்டித் தொலைவின் பாதியையேனும் எழுந்து அமராமல் ஓட்ட முடிகிறதா என்று தம் பழைய வண்டியிலேயே முதலில் சோதித்துக்கொள்ளட்டும். முடியவில்லையெனில் அந்தப் பணத்தைப் பயிற்சிக்கும் நல்ல டயர்களுக்கும் உடலளவுப் பொருத்தத்துக்கும் செலவிடட்டும்.